மெல்லிய உலோக வேலையை லேத்தில் பிடிப்பது எப்படி: மலையகப் பட்டறைகளுக்கான முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரோ உலர்த்தியோ சல்லடை இயந்திரமோ நின்றுபோனால், பெரும்பாலும் உடைந்திருப்பது பெரிய பாகமாக இருக்காது. இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் உள்ள இடைவளையம் தேய்ந்திருக்கும். எண்ணெய் சீல் உட்காரும் பித்தளை வளையத்தில் வரி விழுந்திருக்கும். மின்விசிறி அச்சில் இருந்த வாஷர் கிழிந்திருக்கும். கொழுந்து வந்து குவிகிற நாளில் கொழும்பிலிருந்து பாகம் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ உள்ள கடைசல் பட்டறைக்கு ஆள் வருவார். பழைய வளையத்தை மேசையில் வைத்து, மாலைக்குள் இதேபோல் ஒன்று வேண்டும் என்பார்.

இப்படி வருகிற வேலைகளில் பாதி மெல்லியவை. கனமான அச்சைக் கடைவதைவிட மூன்று மில்லிமீட்டர் வளையத்தைக் கடைவது கடினம். லேத்திலிருந்து (கடைசல் இயந்திரத்திலிருந்து) கழற்றும்வரை அளவு சரியாக இருக்கும். கழற்றியதும் வளையம் கோணலாகிவிடும். வெட்டுவதில் பிழையே இருக்காது. பிடித்த விதத்தில்தான் பிழை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது. மெல்லிய வேலையைச் சுற்றிலிருந்து நெருக்காமல், தட்டையான பரப்பின் மேல் உட்காரவைத்து அச்சின் (சுழலும் மையக்கோட்டின்) திசையில் அழுத்திப் பிடியுங்கள். சுற்றிலிருந்து பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால், முழுச் சுற்றையும் அணைக்கும்படி பிடியுங்கள்.

முதலில்: மூன்று தாடைச் சக் என்ன செய்கிறது?

வெளிவிட்டம் 100, உள்விட்டம் 92 மில்லிமீட்டர் உள்ள வளையம் ஒன்றை மூன்று தாடைச் சக்கில் (வேலையைக் கவ்விச் சுழற்றும் லேத்தின் தலையில்) இறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுவர் 4 மி.மீ.தான். தாடை தொடும் மூன்று இடங்களிலும் வளையம் உள்ளே அமுங்கும். இடையில் உள்ள மூன்று இடங்களும் வெளியே பிதுங்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இந்த நிலையில் உள்துளையைக் கடைந்தால் டூல் அழகான வட்டத்தைத்தான் வெட்டும். அமுங்கிய இடங்களில் அதிக உலோகமும் பிதுங்கிய இடங்களில் குறைந்த உலோகமும் போகும். சக்கைத் தளர்த்தியவுடன் சுவர் தன் இயல்புக்குத் திரும்பும். வட்டமாக இருந்த துளை மூன்று மூலை கொண்டதாகிவிடும்.

இதை மைக்ரோமீட்டர் காட்டாது என்பதுதான் கொடுமை. மூன்று மூலை கொண்ட வடிவத்தில் ஒரு மூலைக்கு நேர் எதிரே எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். எதிரெதிர் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் எந்தக் கருவியும் எங்கு வைத்தாலும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் தரும். பட்டறையில் "அளவு சரியாக இருக்கிறதே" என்போம். தொழிற்சாலையில் பேரிங் ஏறாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடைசி வெட்டு முடிந்ததும் டயல் கேஜின் (மிகச் சிறு அசைவையும் முள்ளால் காட்டும் கருவியின்) முனையைத் துளையின் உள்ளே வைத்துக் கையால் சக்கைச் சுற்றுங்கள், முள் அசையாது. இப்போது சாவியைக் கால் சுற்று தளர்த்தி, வேலை நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்து, மறுபடி சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு முள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினால் தாடைகளின் வேலை அது. ஒரே ஒரு முறை ஏறி இறங்கினால் தளர்த்தியதில் வளையம் சற்று நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெளிப்புறத்தைச் சோதிக்க 60 பாகைக் கோண வீ கட்டையில் (V வடிவப் பள்ளம் உள்ள கட்டையில்) வளையத்தை வைத்து, மேலே டயல் கேஜை நிறுத்தி உருட்டிப் பார்க்கலாம். வழக்கமான 90 பாகைக் கட்டையைவிட இது மூன்று மூலைப் பிழையைத் தெளிவாகக் காட்டும்.

சுவரின் தடிமன் பாதியானால் வளைவு இரண்டு மடங்கு ஆகும் என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகும். 4 மி.மீ. சுவரில் தப்பித்த பிடி 2 மி.மீ. சுவரில் தப்பாது.

மெல்லியதாக்கும் முன் முடித்துவிட முடியுமா?

லேத்தைத் தொடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடித்த உருளையாகவோ குழாயாகவோ உலோகம் கிடைத்தால், அதன் ஒரு முனையைச் சக்கில் ஆழமாகப் பிடித்து, வெளியே நீட்டிய பகுதியில் முகம் (முனையின் தட்டைப் பரப்பு), வெளிவிட்டம், உள்விட்டம் மூன்றையும் ஒரே பிடியில் முடித்து, கடைசியாகப் பார்ட்டிங் டூலால் அறுத்து எடுங்கள். தாடைகள் நெருக்குவது அடிக்கட்டையை. வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. மூன்று பரப்புகளும் ஒரே அச்சில் இருக்கும். மிஞ்சுவது அறுத்த முகம் மட்டும். அதற்கு மட்டும்தான் கீழே சொல்லும் முறைகள் தேவைப்படும்.

உலோகம் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். வெண்கலம் விற்கும் விலையில் மனம் வராது என்பது தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு வளையம் மட்டும் தேவைப்படும் வேலையில், பிடிகருவி செய்யும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இதுவே மலிவு.

தகட்டிலிருந்து வெட்டிய வட்டமோ, வாடிக்கையாளர் கொண்டுவந்த பழைய வளையமோ என்றால் இந்த வழி இல்லை. மேலே படியுங்கள்.

மென்தாடை: பட்டறையின் முதல் முதலீடு

கடினப்படுத்தாத உருக்கிலோ அலுமினியத்திலோ செய்த தாடைகளைத்தான் மென்தாடை என்கிறோம். வேலையின் அளவுக்கே அவற்றைக் கடைந்துகொள்வதால், மூன்று கோடுகளில் தொடுவதற்குப் பதில் மூன்று அகன்ற வளைபரப்புகளில் தொடும். அகலமான தாடைகளாகச் செய்துகொண்டால் ஏறத்தாழ முழுச் சுற்றும் அணைக்கப்படும்.

முதலில் தாடை எண்ணையும் சக்கின் காடி எண்ணையும் பொருத்திப் பூட்டுங்கள். பூட்டும் இடங்களில் ஒரு சுருள் சில்லுகூட இருக்கக் கூடாது.

அடுத்த கட்டத்தைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தாடைகள் வெறுமனே நிற்கும்போது கடைந்தால் பயனில்லை. சக்கின் உள்ளே இருக்கும் சுருள் காடியில் சிறிது ஆட்டம் எப்போதும் உண்டு. இறுக்கும்போது தாடைகள் அந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு சற்றே சாயும். ஆகவே கடையப்போகும் இடத்துக்குப் பின்னால், தாடைகளின் அடியில், ஒரு வட்டக் கட்டையை வைத்து இறுக்குங்கள். வேலையை எந்தத் திசையில் இறுக்கப்போகிறீர்களோ அதே திசையில், ஏறத்தாழ அதே பலத்தில். வளையத்தை உள்ளிருந்து வெளியே விரித்துப் பிடிப்பதானால், தாடைகளைச் சுற்றி ஒரு வலுவான வளையத்தைப் போட்டு வெளித்திசையில் இறுக்கிவிட்டுக் கடையுங்கள்.

போரிங் டூலால் (உள்துளை கடையும் டூலால்) ஒரு படி வெட்டுங்கள். படியின் விட்டம் வேலையின் வெளிவிட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். சரியாக வராவிட்டால் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறைவாக இருப்பதை நான் விரும்புவேன். குறைவாக இருந்தால் ஒவ்வொரு தாடையும் தன் இரு ஓரங்களால் தொடும். மொத்தம் ஆறு இடங்களில் பலம் பரவும். அதிகமாக இருந்தால் தாடையின் நடுப்பகுதி மட்டும் தொட்டு, பழையபடி மூன்று புள்ளிகளாகிவிடும். ஓரத்தின் தடம் பதியாமல் இருக்க அரத்தால் மெல்ல உரசிவிடுங்கள்.

படியின் ஆழம் வேலையின் தடிமனைவிடக் குறைவாக இருக்கட்டும்: 3 மி.மீ. வளையத்துக்கு 2 மி.மீ. படி போதும். படியின் உள்மூலையில் மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வளையத்தின் ஓரப்பிசிறு அந்த மூலையில் மாட்டி, முகம் தட்டையாக உட்காராது.

இப்போது வேலையை வையுங்கள். மரச்சுத்தியால் தட்டிப் படியின் அடியில் உட்காரவைத்து இறுக்குங்கள். முரட்டு வெட்டு முடிந்தபின் சக்கை முழுவதும் தளர்த்தி, வளையத்தை ஆறவிட்டு, மறுபடி லேசாக மட்டும் இறுக்கிக் கடைசி வெட்டை எடுங்கள். இந்த ஒரு தளர்த்தலைச் சோம்பலால் விட்டுவிடுபவர்களுக்கு நல்ல மென்தாடையும் உதவாது.

தாடைகளைச் சக்கிலிருந்து கழற்றினால் அந்தப் படியின் உண்மை போய்விடும். மறுமுறை பூட்டும்போது மிக மெல்லிய வெட்டு ஒன்று மீண்டும் எடுக்க வேண்டும்.

மென்தாடை கிடைக்காத பட்டறையில் பிளந்த வளையம் ஒன்று செய்யலாம். தடித்த குழாய்த்துண்டின் உள்ளே வேலையின் அளவுக்குப் படி கடைந்து, ஒரு பக்கம் மட்டும் வாள் வெட்டு ஒன்று போட்டால் போதும். அந்த வெட்டு இரு தாடைகளுக்கு நடுவில் வரும்படி சக்கில் வையுங்கள். தாடைகள் வளையத்தை நெருக்க, வளையம் வேலையைச் சுற்றிலும் அணைக்கும். ஒரே அளவு அடிக்கடி வந்தால் எண்ணைக் குத்தி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

அச்சின் திசையில் அழுத்திப் பிடித்தல்

நடுவில் துளை உள்ள எந்த மெல்லிய வேலைக்கும் என் முதல் தேர்வு இதுதான்.

வெளிவிட்டம் கடைய வேண்டுமா? ஒரு உருக்குக் கட்டையைச் சக்கில் இறுக்கி, அதன் முனையில் துளைக்குச் சரியாக ஏறும் கழுத்து ஒன்று கடையுங்கள். கழுத்தின் நீளம் வளையத்தின் தடிமனைவிடக் கால் மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். கழுத்துக்குப் பின்னால் வளையம் சாயும் தோளின் முகத்தை நடுவில் சற்றுக் குழித்து, ஓரம் மட்டும் தொடும்படி விடுங்கள். கட்டையின் நடுவில் மரை போட்டு, வளையத்தை ஏற்றி, முன்னால் தடித்த வாஷர் வைத்துப் போல்ட்டால் இறுக்குங்கள். அழுத்தம் முழுவதும் தடிமனின் குறுக்கே போகிறது. வட்டம் சிதைய வழியே இல்லை. கட்டையைச் சக்கிலிருந்து கழற்றாமல் கடைந்து முடித்தால் அச்சும் பிசகாது. ஒரே மாதிரி வாஷர்கள் பல வேண்டும் என்றால் கழுத்தை நீட்டி, அடுக்கிப் போட்டு, ஒரே வெட்டில் எல்லாவற்றையும் முடிக்கலாம். அடுக்கு தன்னைத் தானே தாங்கிக்கொள்வதால் 1 மி.மீ. தகடுகூட நடுங்காது.

உள்விட்டம் கடைய வேண்டும் என்றால் ஃபேஸ் பிளேட்டுக்கு (சக்குக்குப் பதில் லேத்தில் பூட்டும் தட்டையான வட்டத் தட்டுக்கு) போங்கள். அதன் மேல் 12 மி.மீ. அளவு அலுமினியத் தட்டு ஒன்றைப் பூட்டி, அந்தத் தட்டின் முகத்தை லேத்திலேயே ஒரு முறை வெட்டி நேராக்குங்கள். வளையத்தின் வெளிவிட்டத்துக்கு ஏற்ப ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் குழி கடையுங்கள். இது வேலையை நடுவில் நிறுத்த மட்டும், நெருக்க அன்று. மேலே ஓர் அழுத்து வளையம் வைத்து ஆறு போல்ட்டுகளால் பிடியுங்கள். போல்ட்டுகளை வரிசையாக இறுக்காதீர்கள். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். போல்ட் தலைகள் டூல் தாங்கியில் மோதாமல் இருக்கின்றனவா என்று மின்சாரம் போடும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

துளையில்லாத வட்டத் தகடு

இதன் வெளிவிட்டத்தை மட்டும் கடைவதானால் ஒட்டவே தேவையில்லை. சக்கில் ஒரு கட்டையைப் பிடித்து அதன் முகத்தை வெட்டுங்கள். தகட்டை அதன் மேல் வைத்து, டெயில் ஸ்டொக்கில் (சக்குக்கு எதிர்முனையில் உள்ள தாங்கியில்) சுழலும் சென்டர் என்ற கூர்முனை வழியாக இன்னொரு கட்டையால் அழுத்துங்கள். இடையில் மெல்லிய எமரித் தாளோ காகிதமோ வைத்தால் உராய்வு கூடும். வெட்டு லேசாக இருக்கட்டும்.

முகத்தைக் கடைய வேண்டியபோதுதான் சூப்பர் குளூ வேண்டும். பித்தளை அல்லது அலுமினியக் கட்டையின் முகத்தை நேராக வெட்டி, அதில் நடுவிலிருந்து ஓரம்வரை சில மெல்லிய வட்டக் காடிகள் போடுங்கள். மிஞ்சிய பசை அங்கே போய்ச் சேரும். இரு பரப்புகளையும் அசிட்டோனால் துடையுங்கள். எண்ணெய் தொட்ட விரல் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. சில துளிகள் போதும். தகட்டை வைத்து டெயில் ஸ்டொக்கால் அழுத்தி விட்டுவிடுங்கள்.

நுவரெலியாவின் குளிரில் இந்தப் பசை கொழும்பில் இறுகும் வேகத்தில் இறுகாது. ஈரப்பதம் அதற்குத் துணை, குளிர் அதற்குப் பகை. காலையில் கட்டையும் தகடும் குளிர்ந்து கிடந்தால், முதலில் அவற்றை மின்விளக்கின் கீழ் வைத்துக் கைச்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பனி வியர்த்த உலோகத்தில் ஒட்டவே வேண்டாம். ஒட்டியபின் அவசரப்படாமல் கால் மணி நேரமாவது விடுங்கள். இருபக்க ஒட்டு நாடாவும் இதே போலத்தான்; குளிர்ந்த உலோகத்தில் அது வலுவிழக்கும்.

பசைக்கு இழுவையும் சறுக்கலும் பெரிதல்ல. உரிப்பும் திடீர் அடியும்தான் அதை வீழ்த்தும். டூல் ஓரத்தில் மாட்டினால், தவாவில் ரொட்டியின் ஓரம் எழும்புவதுபோல் தகட்டின் ஓரம் எழும்பும். அடுத்த கணம் தகடு கையில் இருக்காது. ஆகவே முடிந்தவரை டெயில் ஸ்டொக்கின் அழுத்தத்தை வைத்துக்கொண்டே வெளிப்பகுதியைக் கடையுங்கள்; நடுவில் மிஞ்சிய சிறு வட்டத்துக்கு மட்டும் அதை விலக்குங்கள்.

கழற்றுவதற்குச் சூடு போதும்: கட்டையோடு கொதிநீரில் போட்டு வையுங்கள். பசை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸைத் தாண்டும்போது தளரத் தொடங்கும். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அது போதுமானதுதான், சற்று அதிக நேரம் போட்டு வைக்க வேண்டும். எரிவாயுச் சுவாலையை நேராகக் காட்டாதீர்கள்: கருகும் பசையின் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மிச்சப் பசையை அசிட்டோன் கரைக்கும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கும் வெல்டிங்குக்கும் தூரமாக வைத்துச் செய்யுங்கள். பருத்தித் துணியில் சூப்பர் குளூ கொட்டினால் துணி கை பொசுங்கும் அளவுக்குச் சூடேறும். 

காந்தச் சக்கும் வெற்றிடச் சக்கும்

காந்தச் சக் சாதாரண உருக்குக்கு மட்டும் உதவும். பித்தளை, வெண்கலம், அலுமினியம் ஆகியவற்றையும், தேயிலை படும் இடங்களில் அதிகம் வரும் துருப்பிடிக்காத உருக்கின் பெரும்பாலான வகைகளையும் அது பிடிக்காது.

வெற்றிடச் சக் வாங்க நினைப்பவர்கள் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். அதில் வேலையைப் பிடிப்பது பம்பு அன்று, வெளிக்காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் உள்ள ஹட்டனில் 87 அளவிலும், 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவில் 81 அளவிலும்தான் இருக்கும். 100 மி.மீ. விட்டமுள்ள தகட்டை, வெற்றிடம் முழுமையாக இருந்தாலும், கொழும்பில் ஏறத்தாழ 81 கிலோ எடைக்குச் சமமான பலம் அழுத்தும். நுவரெலியாவில் 65 கிலோதான். ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அங்கே சரியாக இருந்த வெட்டை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. பம்பின் அளவுமானி கொழும்பில் காட்டிய எண்ணை இங்கே காட்டவில்லை என்று பம்பைக் குறை சொல்லவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் பம்பு நின்றுவிடும்; லேத்தின் ஸ்பிண்டில் (சக்கைத் தாங்கும் சுழல்தண்டு) தன் வேகத்தில் இன்னும் சுழலும். ஆகவே பம்புக்கும் சக்குக்கும் நடுவில் ஒருவழி வால்வும் ஒரு காலித் தொட்டியும் கட்டாயம் இருக்க வேண்டும். அவை இல்லாத வெற்றிடச் சக்கை நம் பட்டறைகளில் ஓட்டக் கூடாது.

வெட்டும்போது

நன்றாகப் பிடித்த வேலையை மழுங்கிய டூல் கெடுத்துவிடும். டூல் கூர்மையாகவும், முனை வட்டத்தின் ஆரம் 0.2 முதல் 0.4 மி.மீ.க்குள்ளும் இருக்கட்டும். பெரிய முனை வட்டம் மெல்லிய சுவரை வெளியே தள்ளும். சுவரைக் கடையும்போது டூலின் வெட்டும் ஓரம் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால், தள்ளும் விசை சக்கை நோக்கிப் போகும். மிக மெல்லிய வெட்டும் நல்லதல்ல: நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மட்டும் எடுக்கப் பார்த்தால் டூல் வெட்டாமல் உரசும், சூடேற்றும். கடைசி வெட்டுக்கு 0.1 மி.மீ. விட்டுவையுங்கள்.

வேகத்தைக் கணக்கிட: வெட்டு வேகத்தை மீட்டரில் எடுத்து 1,000 ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.14 ஐயும் பெருக்கிய தொகையால் வகுங்கள். ஹைஸ்பீட் உருக்கு டூலால் பித்தளையை நிமிடத்துக்கு 60 மீட்டரில் வெட்டினால், 100 மி.மீ. வேலைக்கு நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று வரும். ஒட்டிய வேலைக்கு அதிலும் குறையுங்கள். வெளியிலிருந்து லேசாக இறுக்கிய தாடைகளை அதிக வேகத்தில் சுழற்றினால், சுழற்சியே தாடைகளை வெளியே இழுத்துப் பிடியைத் தளர்த்தும்.

உட்துளை கடையும்போது சுவர் கிறீச்சிட்டால், வெளிப்புறத்தைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இறுக்கமாக மாட்டுங்கள். நடுக்கத்தை ரப்பர் விழுங்கிவிடும்.

உருட்டிய தகட்டுக்குள் உள்ளிறுக்கம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் தகடு வில்லாக வளையும். இரு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக எடுங்கள்.

சூட்டையும் கவனியுங்கள். 100 மி.மீ. அலுமினிய வளையம் 30 பாகை சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 0.07 மி.மீ. கூடும்; உருக்கு அதில் பாதி. தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கும் வளையத்தை அளக்காதீர்கள். ஈரத்துணியைச் சுற்றி அவசரமாக ஆற்றாமல், மைக்ரோமீட்டரையும் வளையத்தையும் ஒரே இரும்பு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

உடையும் கையும்

குளிர்ப் பிரதேசத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மப்ளர், தொங்கும் ஜேர்சிக் கை, கம்பளிக் கையுறை எதுவும் சுழலும் லேத்தின் அருகே வரக் கூடாது. எவ்வளவு குளிர் என்றாலும் கழற்றுங்கள், அல்லது கையை முழங்கைக்கு மேல் மடித்துக் கட்டுங்கள். அறையைச் சூடாக்கலாம், ஸ்பிண்டில் இழுத்துக்கொண்ட கையைத் திரும்பப் பெற முடியாது. மெல்லிய வளையத்தின் ஓரம் பிளேடு போன்று அறுக்கும். நிற்கும் முன் தொட வேண்டாம். நின்றபின் அங்கேயே அரத்தால் பிசிறை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கழற்றிய வளையத்தை 60 பாகைக் கட்டையில் உருட்டிச் சோதித்து, லேசாக எண்ணெய் தடவி, தட்டையான பலகையில் படுக்கவைத்துக் கொடுத்தனுப்புங்கள். கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் சாக்கில் மோதி வளையும். கழுத்துக் கட்டை, பிளந்த வளையம், ஃபேஸ் பிளேட் தட்டு ஆகியவற்றில் விட்டத்தையும் எந்த இயந்திரத்துக்கு என்பதையும் குத்தி, கிரீஸ் பூசி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வையுங்கள். மூடுபனி மாதங்களில் வெறுமனே வைத்த உருக்கு சில நாட்களிலேயே துருப்பிடிக்கும்; தோள்முகத்தில் ஏறிய துரு அடுத்த வளையத்தைச் சாய்த்துவிடும்.